அருகிருப்பார்க்கு ஆறுதல்

ஜோகுபாளையத்தில் குடியிருக்கும் நாம் சி.எம்.எச். சாலை என்னும் பெயரை நாள்தோறும் பலமுறை சொல்லுகின்றோம். காய்கறி வாங்குவதற்கும், துணி எடுப்பதற்கும், மெட்ரோ வண்டியில் ஏறுவதற்கும் அச்சாலையையே நாடுகின்றோம். அப்பெயர் சின்மயா மிஷன் ஆஸ்பத்திரி என்பதன் சுருக்கம் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆஸ்பத்திரியின் பெயர் நம் நாவிற்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரி எதுவாயினும் அதனுள்ளே இரவும் பகலும் நின்று தொண்டாற்றுவோரின் உள்ளமோ இன்னும் நமக்குப் பழக்கமாகவில்லை.

நம் பேட்டையிலிருந்து நடந்தே சென்று காணக்கூடிய தொலைவில், அலசூர் ஏரிக்கரையருகே, திருவள்ளுவர் சிலை நிற்கின்றது. நெடுங்காலம் திரையிட்டு மூடிக்கிடந்த அச்சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதனை நாம் பெருமையோடு நினைவு கூர்கின்றோம். அப்பெருமகனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகின்றார். நோயுற்றவர் ஒருவர், நோய் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காவது, நோயாளரின் அருகிலிருந்து பணி செய்பவர். அருகிருப்பவரை ஏவலாள் என்று ஒதுக்காமல், மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறாகவே அவர் மதித்திருக்கின்றார். கட்டிலின் நான்கு கால்களில் ஒன்று தளர்ந்தால் கட்டில் நில்லாது. அந்த நான்காம் கால் இன்று எந்நிலையில் உள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நமக்குப் புறம்பான செய்தியன்று. 1809இல் இங்குத் தண்டு அமைந்த காலந்தொட்டு, பட்டாளத்தோடும் கட்டட வேலையோடும், பின்னர் ஆலைகளோடும் தொழிற்சாலைகளோடும் வந்து குடியேறியவர்கள் நம் முன்னோர். அவர்தம் பேத்திகளும் பேரர்களும் இன்று ஆஸ்பத்திரிகளில் பணி புரிகின்றனர். தாதியராகவும், ஆய்வுக்கூட உதவியாளராகவும், ஆயாக்களாகவும், ஆம்புலன்சு ஓட்டுநராகவும், கூடம் துடைத்துத் தூய்மை செய்வோராகவும் அவர்களை நாம் காண்கின்றோம். அவர்களுள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி செய்வோரின் பாரம் தனிப்பட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது பழங்காலத்தில் இல்லாத ஒன்று. அது பிறந்த வரலாற்றை அறிந்தால் அதில் உழைப்போரின் மனநிலையும் விளங்கும். 1952ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடிய கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலற்றுப்போன குழந்தைகள் பிளெக்டம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டனர். செயற்கையாக மூச்சு ஊட்டும் பொறிகளோ அங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தன. பியோன் இப்சன் என்னும் டாக்டர் ஒரு வழி கண்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதனோடு இணைந்த இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சை ஊட்டலாம் என்று காட்டினார். அவ்வாறு அழுத்துவதற்குக் கைகள் வேண்டுமே! சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு முன்வந்தனர். இரவெல்லாம் ஒரு குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து, தம் கையால் அதன் மூச்சை நடத்தினர். அதற்குமுன் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மாண்டுபோன நிலைமை மாறி, பெரும்பாலோர் பிழைத்தனர். அடுத்த ஆண்டு, 1953இல், இப்சன் அமைத்த தனிக்கூடமே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர்.

அம்மாணவர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பேச இயலாத குழந்தை கண்களால் அவர்களோடு பேசியது. விடியுமுன் அக்கண்கள் மூடிக்கொண்டால், அந்த உயிர் போனது அவர்கள் கைகளின் கீழேயே நிகழ்ந்தது. இன்று கையின் வேலையைப் பொறி செய்கின்றது. ஆயினும் பொறியின் அருகே நிற்கும் மனிதருக்கு நேர்வது அன்று நேர்ந்ததே. பன்னிரண்டு மணி நேரமாகத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, சளி எடுத்து, நெற்றி தடவிக் காத்த உயிர் அவர் கண்முன்னே பிரிகின்றது. அரைமணி நேரத்தில் அக்கட்டிலில் புதியவர் ஒருவர் வந்து படுக்கின்றார். துக்கத்திற்கு நேரமில்லை, அழுவதற்கு இடமுமில்லை.

இத்தகைய பணியில் உள்ளவர் என்ன செய்வார்? ஒருவழி, நெஞ்சை இறுக்கிக் கொள்ளுதல். இலண்டன் மாநகரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இசபெல் மென்சிஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்து, 1960ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்கிற்று. அங்கே நோயாளரைப் பெயரிட்டு அழையாமல், கட்டில் எண்ணாலும் நோயின் பெயராலும் குறிப்பிடுவது வழக்கமாயிருந்தது. ஒரு தாதி ஒரே நோயாளரிடம் நெடுநேரம் இராதபடி வேலைகள் துண்டுதுண்டாகப் பகுக்கப்பட்டிருந்தன. வேதனை நெஞ்சைத் தொடாதிருக்கவே இந்த ஏற்பாடெல்லாம் தாமாக வளர்ந்தன என்று அவர் கண்டார். பயன் என்ன? வேதனை நீங்கவில்லை. பணியில் கிடைக்க வேண்டிய மனநிறைவு நீங்கிற்று. இளந்தாதியர் பலர் பயிற்சியை முடிக்காமலே விலகிச் சென்றனர். வெப்பத்திற்கு அஞ்சி அடுப்பை அணைத்தால் சோறு வேகாதன்றோ?

மற்றொரு வழி, நோயாளரின் துன்பத்தில் தாமே மூழ்கிப் போதல். இதுவும் நெடுநாள் தாங்காது. உறக்கம் கெடும், உணவு செல்லாது, வீட்டில் குழந்தை அழுதால் பொறிக் கூடத்தின் எச்சரிக்கை மணி காதில் ஒலிக்கும். பிறகு ஒருநாள் உள்ளம் மரத்துப்போகும். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வுக்கும் இடமளித்தது. அதனை ஒரு நோய் என்று கூறாமல், வேலைச் சூழலால் விளையும் நிலை என்றே வகுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், பணியின் மேல் வெறுப்பும் விலகலும் தோன்றுதல், தம் வேலையால் பயனில்லை என்ற எண்ணம் வளர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவை உழைப்பவரின் மனவலிமைக் குறைவால் மட்டும் தோன்றுவன அல்ல என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

இறுக்கமும் வேண்டாம், மூழ்குதலும் வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா? உண்டு. தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்னும் இரு மனநூல் அறிஞர்கள், பிறர் துன்பத்தை அவ்வாறே தாமும் உணர்வதையும், அத்துன்பம் நீங்க வேண்டுமென்று அன்போடு விழைவதையும் பிரித்து ஆராய்ந்தனர். முன்னதில் மட்டும் பயிற்சி பெற்றவர்களிடம் வருத்தம் மிகுந்தது. அவர்களே பின்னதில் பயிற்சி பெற்றபோது வருத்தம் தணிந்து, இன்னுணர்வு தோன்றிற்று. மூளையிலும் இரண்டிற்கும் வெவ்வேறு பகுதிகளே கிளர்ந்தன. தமிழில் கூறுவதாயின், உடன் வருந்துதல் ஒன்று. பரிந்து உதவுதல் மற்றொன்று. வருத்தம் உதவியாக வழிந்தோட வாய்க்கால் இருந்தால் உள்ளம் தாங்கும். வாய்க்கால் அடைபட்டால் கரை உடையும்.

அந்த வாய்க்காலைத் தனியொருவர் வெட்டிக்கொள்ள இயலாது. அது பலர் கூடி வெட்ட வேண்டியது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. நம் கருநாடகத்து வடகன்னட மாவட்டத்திலிருந்து பம்பாய் சென்று, கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் தாதியாகப் பணியாற்றியவர் அருணா சான்பாக். 1973ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், அந்த ஆஸ்பத்திரியிலேயே கொடியவன் ஒருவனால் தாக்குண்டு, மூளை சிதைந்து, நினைவிழந்தார். அன்றுமுதல் 2015ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் உயிர் நீங்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அவ்வாஸ்பத்திரியின் தாதியரே அவரைத் தாயினும் மேலாகப் பேணினர். ஒரு தலைமுறைத் தாதியர் ஓய்வு பெற்றுச் சென்றனர். அடுத்த தலைமுறையினர் வந்தனர். அருணா தாக்குண்டபோது பிறந்தும் இராத இளம்பெண்கள் அவருக்கு உணவூட்டினர். இத்தனை ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தும் அவர் உடலில் படுக்கைப் புண் இல்லை என்பது மருத்துவர் வியந்த செய்தி. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் தீர்ப்பு வழங்கிய உச்ச நீதிமன்றம், அத்தாதியரின் தொண்டினை மனமுவந்து பாராட்டிற்று. அருணாவின் சார்பில் பேசத்தக்க உற்றார் அவர்களே என்றும் கூறிற்று.

இத்தனை நீண்ட பரிவு எவ்வாறு வற்றாமல் நின்றது? அதை எவரும் தனியே சுமக்கவில்லை. முறை மாற்றிச் சுமந்தனர். ஒருவர் தளர்ந்தபோது அடுத்தவர் தோள் கொடுத்தனர். எல்லாரும் ஒரே குடும்பமாக நின்றனர். நம் கருத்தும் இதுவே. அருகிருப்போர் சோர்வது அதிகமாக இரங்குவதால் அன்று, தனியாக இரங்குவதாலேயாகும்.

இதனை உணர்ந்த அயல்நாட்டார் சில எளிய ஏற்பாடுகளைச் செய்துள்ளனர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனத்தன் பார்ட்டல்ஸ் என்னும் ஆண் தாதி ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளர் ஒருவர் உயிர் நீத்தவுடன், டாக்டர், தாதி, உதவியாளர் அனைவரும் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிட நேரம் மௌனமாக நிற்பர். மறைந்தவர் யாரோ ஒருவருக்கு அன்பானவர் என்பதையும், அவரைக் காக்கத் தாங்கள் முயன்றதையும் அந்நேரத்தில் நினைத்துக்கொள்வர். செலவில்லை, கருவி வேண்டாம். இவ்வழக்கம் இன்று பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. பாஸ்டன் நகரின் வழக்கறிஞரான கென்னத்து சுவார்ட்சு என்பவர் 1995ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தார். தம்மைப் பேணியோரின் கனிவான சொற்களே தாங்கமுடியாததைத் தாங்க வைத்தன என்று உணர்ந்த அவர், அக்கனிவு ஆஸ்பத்திரிகளில் நிலைக்குமாறு ஓர் அமைப்பு தோன்ற வழி செய்தார். அவ்வமைப்பின் முயற்சியால் டாக்டர்களும் தாதியரும் மற்றப் பணியாளரும் ஒருங்கே அமர்ந்து, சிகிச்சையைப் பற்றி விவாதியாமல், அப்பணி தம் மனத்தைத் தொட்ட வகையைப் பேசும் கூட்டங்கள் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் நடைபெறுகின்றன. துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்தால் நெஞ்சு இலேசாகும் என்பதை நம் பாட்டிமார் எப்போதோ அறிந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் உழைப்போருக்குத்தான் துக்கம் விசாரிக்க நாதியில்லாமற் போயிற்று.

நம் நகரம் இதனைக் கண்கூடாகக் கண்ட காலம் 2021ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்கள். கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, மே 5ஆம் நாள் ஒன்றில் மட்டும் கருநாடகத்தில் 50,000க்கு மேற்பட்டோருக்குப் புதிதாக நோய் கண்டது. அவர்களுள் 23,000க்கு மேற்பட்டோர் பெங்களூரினர். தீவிர சிகிச்சைப் படுக்கைக்காக மக்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததை நாம் மறக்கவில்லை. உறவினர் உள்ளே செல்லக்கூடாத அந்நாட்களில், கைப்பேசியை நோயாளரின் முகத்தருகே பிடித்து வீட்டாரின் குரலைக் கேட்கச் செய்தவர் தாதியரே. காப்புடைக்குள் வியர்வையில் நனைந்து, மணிக்கணக்கில் நீரும் அருந்தாமல் நின்று, பெற்ற மகன் பிடிக்க வேண்டிய கையைத் தாம் பிடித்துக்கொண்டவர்களும் அவர்களே. அலை ஓய்ந்தது, நாம் நம் வேலையைப் பார்க்கச் சென்றோம். அவர்களும் மறுநாள் முறைக்கு வேலைக்குத்தான் சென்றனர்.

இன்னுமொன்றையும் நாம் எண்ண வேண்டும். பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் பணிபுரியும் தாதியருள் கேரளத்திலிருந்தும், கருநாடகத்தின் வெளி மாவட்டங்களிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்போர் பலர். அவர்களும் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே. நோய் முற்றிய வேளையில் முதியவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழிகள் மறந்து தாய்மொழியே நாவில் நிற்பதுண்டு. அப்போது தாதி ஒருத்தி, யாரிடமோ கேட்டுக் கற்ற இரண்டு தமிழ்ச் சொற்களால் “வலிக்கிறதா, தாத்தா?” என்று வினவினால், அச்சொல்லுக்கு ஈடான மருந்து ஏது? அம்மொழியைக் கற்குமாறு அவளை எவரும் பணிக்கவில்லை. அவ்வாறு பேசும் பெண்ணுக்கு அவளுடைய மொழியில் ஒரு நன்றி கூறும் அளவிற்கேனும் நாம் கற்றிருக்கின்றோமா?

இனி நம் கடமை யாது என்று காண்போம். நாம் இரண்டு வகையில் இவர்களோடு தொடர்புடையோம். ஒன்று, நோயாளரின் சுற்றத்தாராகக் கதவுக்கு வெளியே நிற்கின்றோம். மற்றொன்று, இப்பணியிலுள்ள பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தாயாகவும் தந்தையாகவும் கணவராகவும் மாமியாராகவும் வீட்டில் இருக்கின்றோம்.

கதவுக்கு வெளியே நிற்கும்போது, குடும்பத்தின் சார்பில் விவரம் கேட்க ஒருவரை நியமித்துக்கொள்வது நலம். பத்துப் பேர் பத்து முறை ஒரே வினாவைக் கேட்டால், அந்த நேரம் நம் நோயாளரிடமிருந்தே பறிக்கப்படுகின்றது. நோயாளரைப் பற்றிச் சில செய்திகளைத் தாதியிடம் சொல்லுங்கள். அவர் எப்பெயரால் அழைத்தால் திரும்புவார், எப்பாட்டை விரும்புவார், எப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்பன சிறு செய்திகளே. ஆயினும் எண்ணாகக் கிடந்தவர் அவற்றால் மீண்டும் மனிதராகின்றார். தாதியின் உழைப்பிற்கும் பொருள் கிடைக்கின்றது. துக்கம் மிகும்போது சினம் பிறப்பது இயல்பே. ஆனால் அச்சினத்தை அருகிருப்பவர்மேல் காட்டுதல் தகாது. மருத்துவப் பணியாளரை ஆஸ்பத்திரிகளில் தாக்கும் கொடுமை நம் நாட்டில் மிகுந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் பணிசெய்வோரைத் தாக்கினால் ஐந்து ஆண்டு வரையிலும், கொடுங்காயம் விளைத்தால் ஏழு ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க 2020ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. சட்டம் வேண்டியிருந்ததே நமக்குத் தலைகுனிவுதான்.

வீட்டில் நம் கடமை இதனினும் நுட்பமானது. இரவுப் பணி முடித்து வந்த பெண் பகலில் உறங்குவது சோம்பலன்று. அவள் உறங்கும் அறையில் தொலைக்காட்சியை முழக்குவதும், விழித்தவுடன் அடுக்களைக்கு அனுப்புவதும் அறமாகா. “இன்று எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று கதை கேட்பதுபோல் வினவாதீர்கள். “இன்றைய பொழுது எப்படிப் போயிற்று, அம்மா?” என்று கேளுங்கள். அவள் பேசினால் செவி கொடுங்கள், அறிவுரை வேண்டாம். பேசாவிட்டால் ஒரு டம்ளர் காப்பியோடு அருகில் அமர்ந்திருங்கள். நோயாளரின் அருகே நாள் முழுதும் இருந்தவளுக்கு, அவளருகே இருக்க ஒருவர் வேண்டும்.

தாதி வேலை என்றவுடன் முகம் சுளித்து, இரவுப் பணியைக் காட்டி வரன் தட்டிப்போகும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் முற்றாக ஒழியவில்லை. ஆபத்து வேளையில் தாதியைத் தெய்வம் என்று கைகூப்பிவிட்டு, மணப்பேச்சில் அவளையே குறைத்துப் பேசுவது எவ்வகை நியாயம்? உள்ளம் சோர்வதற்கு ஆஸ்பத்திரி மட்டுமே காரணமன்று. நம் சொல்லும் ஒரு காரணம்.

ஆஸ்பத்திரி நடத்துவோர்க்கும் பணிவோடு ஒன்று கூற விரும்புகின்றோம். அன்பாக நடந்துகொள்க என்று சுவரில் எழுதி வைப்பதால் அன்பு ஊறாது. செயற்கை மூச்சுப் பொறியில் உள்ள நோயாளர் ஒருவருக்குத் தாதி ஒருவர் என்பது துறை வல்லோர் வகுத்த அளவு. இருவர் மூவரை ஒருத்தியே கவனிக்க நேர்ந்தால், பரிவு காட்ட அவளுக்கு மனமிருந்தும் கையிராது. போதிய ஆட்கள், முறையான ஓய்வு, தகுந்த ஊதியம், ஒரு மரணத்திற்குப் பின் சில நிமிட அமைதி ஆகியவை அருளுடைமையின் அடித்தளங்கள். கூடம் துடைக்கும் பணியாளரையும் ஆயாவையும் இவ்வேற்பாடுகளில் மறத்தலாகாது. அவர்களும் அம்மரணங்களைக் காண்பவர்களே.

சோர்வின் குறிகளை வீட்டார் அறிந்திருத்தல் நன்று. வாரக்கணக்கில் உறக்கமின்மை, சிறு சொல்லுக்கும் சீற்றம், பணிக்குச் செல்லும் நேரம் நெருங்கினால் நெஞ்சுப் படபடப்பு, அழவும் இயலாத வறட்சி, வாழ்ந்து என்ன பயன் என்னும் பேச்சு ஆகியவை தென்பட்டால் காலந்தாழ்த்தாதீர்கள்; அவரைத் தனியே விடவும் வேண்டாம். மனநலத்திற்குப் புகழ்பெற்ற நிம்ஹான்ஸ் நிலையம் நம் நகரிலேயே உள்ளது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசு உதவி ஏற்பாட்டிற்கு அதுவே தலைமை நிலையம். 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரை நாடுவது இழிவில்லையெனின், உள்ளத்தின் காய்ச்சலுக்கு நாடுவதும் இழிவில்லை.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் கலைஞர்க்கும் புலவர்க்கும் பொன்னாடை போர்த்துகின்றோம், அது நல்வழக்கமே. அதனோடு, நம் பேட்டையில் ஆஸ்பத்திரிப் பணியிலுள்ள குடும்பங்கள் திங்களுக்கு ஒருமுறை கூடியமர்ந்து மனம்விட்டுப் பேச, ஓர் அறையும் ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்குவோமாக. அங்கே சொற்பொழிவு வேண்டாம். மாலை மரியாதை வேண்டாம். சொல்லுகின்றவர்க்குக் கேட்கின்றவர் கிடைத்தால் போதும். நாளை நமக்கோ நம் பெற்றோர்க்கோ மூச்சு முட்டும் இரவொன்று வரலாம். அன்று நம் தலைமாட்டில் நிற்கப் போகும் அந்தக் கைகள் உறுதியோடும் கனிவோடும் இருக்க வேண்டுமெனில், அவற்றை இன்றே நாம் பற்றிக்கொள்ள வேண்டும்.